கப்பலுக்கு எத்தனை பேர்?

குஜராத்தில் பாவ்நகர் பக்கம் அலங் என்று ஒரு கடற்கரை. வயசான கப்பல்களைக் கரையேற்றி, வெட்டி, எடைக்குப் போடுகிற இடம். 2012-ல் அங்கே ஒரு கிழட்டுக் கப்பல் வந்தது. பெயர் 'ஓரியண்டல் நைசிட்டி'. கேட்டால் ஏதோ சென்ட் பாட்டில் மாதிரி இல்லை? ஆனால் நச்சுக் கழிவு இருக்கலாம் என்று மனுப் போட்டு, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போய், ஜூலைக் கடைசியில்தான் கரையேற அனுமதி கிடைத்தது. அத்தனை கலாட்டாவுக்கும் காரணம் அதன் பூர்வாசிரமப் பெயர். எக்ஸான் வால்டெஸ்.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் கடலடிப் பாறையில் மோதி, சுமார் 1.1 கோடி காலன் கச்சா எண்ணெயைக் கொட்டிய அதே கப்பல்தான். செத்த கடற்பறவைகள் மட்டும் இரண்டரை லட்சம் இருக்கும் என்று கணக்கு.

பழுது பார்த்துத் திரும்ப வந்தபோது அது 'எக்ஸான் மெடிடரேனியன்'. அப்புறம் 'ஸீரிவர் மெடிடரேனியன்'. அப்புறம் வெறும் 'மெடிடரேனியன்'. கைமாறி, எண்ணெய்க்குப் பதில் தாது ஏற்றப் போனபோது 'டோங் ஃபாங் ஓஷன்'. வரிசையைக் கவனியுங்கள். வால்டெஸ் என்பது அலாஸ்காவில் எண்ணெய் ஏற்றிய துறைமுகம். முதலில் ஊர் பேர் போச்சு. அடுத்து முதலாளி பேர் போச்சு. ஒரு பாவமும் அறியாத மத்தியதரைக் கடல் மட்டும் பாக்கி!

பெயர் மாற்றுவது குற்றமில்லை. விற்றால் மாறும், வாடகைக்கு விட்டால்கூட மாறும். பெயருக்குக் கீழே பின்புறம் எழுதியிருக்கும் சொந்த ஊரும் அப்படித்தான். மன்ரோவியா என்று எழுதிக்கொண்டு, ஆயுளில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகாத கப்பல்கள் எத்தனையோ. அமெரிக்கர்கள் 1990-ல் சட்டம் போட்டு இந்தக் கப்பலை அந்த வளைகுடாவுக்குள் வராதபடி தடுத்தார்கள். அதில் கப்பலின் பெயரே கிடையாது. '1989 மார்ச் 22-க்குப் பிறகு 10 லட்சம் காலனுக்கு மேல் கொட்டிய கப்பல்' என்று அங்க அடையாளம்தான் சொல்லியிருந்தது. விவரமான ஆசாமிகள்.

மாறாத ஒன்று உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண். 1987-ல் கொண்டு வந்து, 1996-ல் பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். கப்பல் உடம்பிலேயே அழியாமல் பொறிக்க வேண்டும் என்ற விதி 2004-ல் வந்தது. நம்ம கதாநாயகியின் எண் 8414520. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 120 வரும். அதன் கடைசி இலக்கம் 0. எண்ணின் கடைசி இலக்கமும் 0. தப்பாக எழுதினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். என் பி.காம். புத்திக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

என் புகார் எங்கள் தொழில் மீதே. 2025 மே மாதம் கேரளாவுக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியபோது நான் படித்த செய்திகளில் பெயர் இருந்தது, லைபீரியக் கொடி இருந்தது, எண் இல்லை. பெயரை மட்டும் போட்டால், நாளைக்கு வேறு பெயரில் வரும் கப்பலை வாசகர் எப்படி அடையாளம் காண்பார்? பெயரும் எண்ணும் சேர்ந்து வந்தால் ஒரு வரிகூடக் கூடாது ஸ்வாமி.

எண்ணையும் இப்போது திருடுகிறார்கள் என்பது வேறு விஷயம். தடை செய்யப்பட்ட எண்ணெயைச் சுமக்கும் சில டாங்கர்கள், எப்போதோ உடைத்துப்போட்ட கப்பலின் எண்ணைத் தங்களுடையது என்று ஒலிபரப்பிக்கொண்டு போகின்றன. சாட்டிலைட் படத்தில் நீளத்தை அளந்து, செத்த கப்பலின் பழைய அளவோடு ஒப்பிட்டுத்தான் பிடிக்கிறார்கள்.