மரக்கலமும் மையித்தும்

வைக்கிங்குகளின் கப்பல் ஈமச்சடங்கை நேரில் கண்டு எழுதிவைத்தவர் பக்தாதிலிருந்து போன ஒரு முஸ்லிம். கலீபா அல்-முக்ததிர் 921இல் வொல்கா பல்கார்களிடம் அனுப்பிய தூதுக்குழுவில் இருந்த இப்னு பழ்லான், ரூஸ் தலைவன் ஒருவனைக் கப்பலோடு எரித்ததைப் பார்த்தார். அருவருப்போடுதான் பார்த்தார். ஆனாலும், தலைவனோடு போகவெனக் கொல்லப்பட்ட அடிமைப் பெண் கடைசியில் பாடியதையும் குடித்ததையும் விடாமல் எழுதினார். அவளுடைய பெயர் மட்டும் இல்லை.

கலங்களைக் காட்சிக்கு வைப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த விடாமையைத்தான்.

எஸ்தோனியாவின் சாரெமா தீவிலுள்ள சல்மே கிராமத்தில் 2008இல் நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. பிறகு இரண்டு கப்பல்கள் வெளிப்பட்டன. ஒன்றில் 7 பேர், மற்றதில் 34 பேர். காலம் ஏறத்தாழ கி.பி. 750. சுவீடன் பக்கமிருந்து வந்து வெட்டுண்டு மாண்டவர்கள். அடுக்கிக் கிடத்தி மேலே கேடயங்களை மூடியிருந்தார்கள். ஒருவனின் வாயில் விளையாட்டுக் காய்களின் அரசன். மரபணுச் சோதனையில் நால்வர் உடன்பிறந்தோர் என்று தெரிந்தது; அவர்களை அருகருகே கிடத்தியிருந்தார்கள். கப்பலின் பலகைகள் உக்கி, இரும்பு ஆணிகளே மிஞ்சின. எனினும் சல்மேயைப் பற்றிப் பேசும் எவரும் மனிதர்களிடமிருந்தே தொடங்குகிறார்கள். அந்நிய மண்ணில், ஒருவேளை கொள்ளையிட வந்த இடத்தில், இறந்தவர்கள் என்பது அதைத் தடுக்கவில்லை.

புதுக்குடியிருப்பில் இதற்கு நேர்மாறு நடந்தது. 2009இல் போர் முடிந்தபின் இராணுவம் அங்கு அமைத்த போர் அருங்காட்சியகத்தில் புலிகளின் படகுகளும் உள்ளூரிலேயே செய்த நீர்மூழ்கிகளும் வரிசையாக நின்றன. தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். இரும்பும் கண்ணாடியிழையும் பத்திரமாக இருந்தன, ஏறிப்போனவர்களைத்தான் காணவில்லை. முள்ளியவளையிலும் விசுவமடுவிலும் இருந்த துயிலுமில்லங்கள் அதே காலத்தில் இடிக்கப்பட்டன. கலத்தை வைத்துக்கொண்டு கப்றை அழிப்பதை அருங்காட்சியகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெற்றிப்பொருட் களஞ்சியம் என்று சொல்லலாம்.

இதை எழுதும்போது நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 75,000 அளவிலான முஸ்லிம்களைத் துரத்தியவர்களின் கப்றுகளுக்காக நாம் ஏன் பேசவேண்டும்? கேள்வி நியாயமானது. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களின் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆயுதங்களை அடுக்கிச் சொல்லும் கதையில் அவர்களுக்கும் இடமில்லை. விரட்டப்பட்டவன் விட்டுப்போனது துப்பாக்கியை அல்ல. கிணற்றையும் பள்ளிவாசலையும் மையவாடியையும் விட்டுப்போனான்; முடிந்தவர்கள் காணி உறுதியையும் வீட்டுத் திறப்பையும் மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். வன்னியில் இனி ஒரு காட்சிக்கூடம் அமையுமானால், அந்தத் திறப்பை வைக்கவும் அதில் ஒரு மேசை வேண்டும். படகில் போய்த் திரும்பாத பிள்ளையின் தாயும் அதே கூடத்துக்குத்தான் வரப்போகிறாள்.