மயிலுக்குக் கண் வைத்தது யார்?

எங்கள் பகுதி மழலையர் பள்ளி ஒன்றுக்குப் போன மாதம் விருது கிடைத்தது. பாராட்டு விழாவில் தாளாளர் நன்றாகவே பேசினார். விளையாட்டு வழிக் கல்வி மேல்நாட்டுச் சரக்கு என்பது தவறாம். பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் குறித்துவைத்த அட்டவணைதான் நம் பிள்ளைத்தமிழாம். கைதட்டல். அடுத்து, தங்கள் பள்ளியில் குழந்தை விளையாடும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட வீணாவதில்லை என்றார். அதற்கு இன்னும் பலத்த கைதட்டல். எனக்குக் கை எழவில்லை.

இரண்டரை வயதுப் பிள்ளையை உட்காரவைத்துப் புள்ளிக்கோட்டின்மேல் எழுதவைத்த கொடுமைக்கு விளையாட்டு வழிக் கல்வி எவ்வளவோ மேல். அதில் சண்டையில்லை. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் 2022இல் வந்த அடிப்படைநிலைக் கலைத்திட்டமும் விளையாட்டைத்தான் முன்னிறுத்துகின்றன. தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. ஓடியாடும் பிள்ளைக்குப் பேச்சும் கைத்திறனும் கூடும் என்பதற்கு நிபுணர் சாட்சி தேவையில்லை, பாட்டிமாரே போதும். பெயரில் குறையில்லை. வகுப்பறைக்குள் நடப்பதில்தான் குறை.

விழா முடிந்து வகுப்பறைகளைச் சுற்றிக் காட்டினார்கள். சுவர் நிறைய மயில்கள். குழந்தைகளின் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்து அட்டையில் பதித்தவை. விரல்கள் தோகை, கட்டைவிரல் கழுத்து. அலகும் கண்ணும் மட்டும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், ஒரே ஆளின் கைவேலை. அத்தனை மயிலுக்கும் ஒரே முழி.

இந்த மயில் பிறக்கும் விதத்தை வேறொரு பள்ளியில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு வயதுப் பெண் குழந்தை. மிஸ் அதன் மணிக்கட்டைப் பிடித்து நீலச் சாயத் தட்டில் அமுக்கி எடுத்தார். அந்தச் சில்லிப்பு குழந்தைக்குப் பிடித்துவிட்டது. விரல்களை மடக்கிற்று, விரித்தது, வழவழப்பு என்னவென்று பார்க்க மறு கையிலும் தேய்க்கப் போனது. விளையாட்டு தொடங்கியது அப்போதுதான். "ஏய், டிரெஸ்ல பட்டுடும்!" என்று ஆயாம்மா ஓடி வந்தார். அட்டையில் ஓர் அழுத்து. "பாப்பா, மிஸ்ஸைப் பாரு" என்று ஒரு போட்டோ. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அடுத்த பிள்ளை. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்கும். மாலையில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது. கீழே 'புலன்வழிக் கற்றல்' என்று எழுதியிருந்தது.

இந்த முறைமேல் எனக்குள்ள நெடுநாள் மனத்தாங்கல் இதுதான்: இது தடயம் விட்டுப்போகும் விளையாட்டை மட்டுமே விளையாட்டாக எண்ணுகிறது. சுவரில் ஒட்ட, கோப்பில் செருக, கைபேசியில் அனுப்ப ஏதாவது மிஞ்ச வேண்டும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் விளையாட்டில் பெரும்பகுதி ஒன்றையும் மிச்சம் வைக்காதது. அடுப்படி ஓரத்தில் ஒரு சொம்பையும் பிடி புளியங்கொட்டையையும் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகப் போடும், ஓசை கேட்கும், கவிழ்க்கும், பொறுக்கும், மறுபடி போடும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் சொம்பும் கொட்டையும் இருந்தபடியே இருக்கும். படம் எடுத்தால் முதல் படத்துக்கும் முப்பதாவது படத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எந்தப் பள்ளி இதைப் பெற்றோருக்கு அனுப்பும்?

ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் கூர்ந்து பார்த்து எழுதியவர். ஒரு வயதை ஒட்டிய பிள்ளை பொருளைக் கீழே போட்டுப்போட்டுப் பார்ப்பதை ஒரு சோதனையாகவே அவர் கண்டார்: கையை மாற்றினால் எப்படி விழும், உயரத்தை மாற்றினால் எப்படி விழும் என்று. மரியா மாண்டிசோரி ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்தி எடுக்கும் ஒரே வேலையை அவள் நாற்பது தடவைக்கு மேல் செய்தாளாம். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் பாடியும் அவள் கவனம் கலையவில்லையாம். அந்த அம்மையார் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். இன்று ஊருக்கு நாலு பலகையில் அவர் பெயர் தொங்குகிறது. நாற்பது தடவை காத்திருக்கும் பொறுமை அதில் எத்தனை பலகைக்குக் கீழே இருக்கிறது என்று தெரியவில்லை. (குழந்தை செய்வதை அவர் 'வேலை' என்றே சொன்னார். விளையாட்டு என்ற சொல்லை வைத்துக்கொண்டு வேலை வாங்கும் நம்மைவிட அது நேர்மை.)

தாளாளர் பிள்ளைத்தமிழைத் தொட்டதால் அதையும் பார்த்துவிடலாம். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி என்று மாதக்கணக்குச் சொல்லும் மரபு உண்டுதான். அந்தக் கணக்கில் பதினேழாம் மாதம் சிற்றில். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றால் என்ன? சிறுமியர் மணலில் வீடு கட்டியிருக்கிறார்கள். பிள்ளை காலால் கலைக்க வருகிறான். கலைக்காதே என்று கெஞ்சுகிறார்கள். ஒரு பிள்ளை ஒன்றைக் கலைப்பதற்குப் புலவர் ஒரு பருவத்தையே ஒதுக்கினார். தாளாளரின் பள்ளியில் அந்தப் பிள்ளை கலைத்தால் மூலையில் உட்காரவைப்பார்கள்.

பணம் கட்டும் பெற்றோர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்பார்கள் பள்ளிக்காரர்கள். கேட்கத்தான் கேட்கிறார்கள். ஆனால் தினம் ஒரு படம் என்று பழக்கியது யார்? பழக்கியவர்களே அதைக் காரணமாகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அங்கன்வாடியிலும் எடை, உயரம், வருகை எல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் ஏற வேண்டியிருக்கிறது. பணியாளர் கைபேசியோடு மல்லுக்கட்டுகிறார். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகள் வாசல் மண்ணில் தங்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் திட்டமிடாத அந்த அரைமணி நேரம், விருது வாங்கிய பள்ளியின் கால அட்டவணையில் எங்கும் இல்லை. ஒப்பீடு நியாயமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

சேர்க்கைக்குப் பள்ளி பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். சுவரைப் பார்க்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, மணல் எங்கே கொட்டியிருக்கிறது, ஒரு பிள்ளைக்கு மாற்றுச் சட்டை எத்தனை கொண்டுவரச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒன்று போதும் என்றால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.