மறைத்த ஒயர்

அலங்காநல்லூர்க்காரர்களுக்கு ஒழுங்கு என்றால் வாடிவாசல்தான் முதலில் ஞாபகம் வரும். காளைக்கு டோக்கன் எண் உண்டு, மாடுபிடி வீரரின் பனியனிலும் எண் உண்டு. அத்தனை தள்ளுமுள்ளிலும் இது யாருடைய மாடு, பிடித்தவர் யார் என்று மைக்கில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மதுரையில் நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் நூற்றுக்கு மேல் ஒயர் ஓடியது. ஒன்றுக்கும் எண் கிடையாது.

பார்க்க என்னவோ அம்சமான இடம். தடுப்பே இல்லாத ஒரே கூடம், வெள்ளை மேசைகள், கண்ணில் ஓர் ஒயர்கூடப் படாது. திறப்பு விழா அன்று படம் எடுத்து எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். கரண்டும் நெட்டும் தரைக்குள் பைப்பில் போக, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஆறாவது மாதம் ஒரு வரிசைக்கே கரண்ட் போனது. எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்துவிட்டு, “எது எங்க போகுதுன்னே தெரியலண்ணே, டைல்ஸை உடைக்கணும்” என்றார். உடைக்க மேலிடத்துக்கு மனசு வரவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினார்கள். அதில் இன்னொரு பாக்ஸைச் செருகினார்கள். ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் கருகும் வாசனை. பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் காலடியில் பாக்ஸ் உருகிக் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திட்டு மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு.

அந்தக் கோபத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

திறந்தவெளி அலுவலகம் எதற்காக வந்தது? ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ரோப்ஸ்ட் உருவாக்கிய ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ 1968-இல் இரண்டாம் வடிவம் பெற்றது. வேலை மாறினால் மேசையும் தடுப்பும் மாறவேண்டும் என்பதே அதன் அடிப்படை. நாமோ மேசையைத் தரைப் பைப்போடு கட்டிப்போட்டுவிட்டு அதை ‘ஓப்பன் ஆபீஸ்’ என்கிறோம். நகர முடியாத மேசைக்கு அந்தப் பெயர் எதற்கு?

அழகுக்காகச் செய்வதே சில சமயம் கேபிளைக் கெடுக்கிறது. பிளாஸ்டிக் டை 1958-இல் விமான ஒயர்களைக் கட்டுவதற்காக வந்தது. நெட் கேபிளை அதால் இறுக்கினால் உள்ளே முறுக்கியிருக்கும் ஜோடிக் கம்பிகள் நசுங்கும், சிக்னல் கெடும். மாற்றவேண்டிய நாளில் வெட்டித்தான் எடுக்கவேண்டும். வெல்க்ரோ பட்டை போதும். மூலையில் மடித்துத் திணிப்பதும் தப்பு. வளைவின் ஆரம் கேபிளின் தடிமனைப் போல நான்கு மடங்காவது இருக்கவேண்டும். கரண்டையும் நெட்டையும் ஒரே பைப்பில் விடவே கூடாது. இன்சுலேஷன் போனால் நெட் கேபிளிலும் கரண்ட் பாயும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளியே தொங்கவிடலாமா? பாரிஸில் 1977-இல் திறந்த பாம்பிடூ மையம் குழாய்களையும் மின்தடங்களையும் கட்டடத்துக்கு வெளியே வைத்தது. காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள். மதுரைத் தூசிக்கு அதை அப்படியே செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் எது எங்கே போகிறது என்பதை நிறமே சொல்லும் என்ற யோசனை நமக்கும் ஆகும்.

எனக்குப் பட்டது இது. கேபிள் அமைப்பின் அழகைத் திறப்பு விழாப் படத்தில் பார்க்கக்கூடாது. முதல் ரிப்பேர் நாளில் பார்க்கவேண்டும். மூடி கழற்றக்கூடிய டிரே, கரண்டுக்கும் நெட்டுக்கும் தனித்தனித் தடம், இரண்டு முனையிலும் எண், சுவரில் ஒரு வரைபடம். இவ்வளவும் இருந்தால் புதிதாக வரும் எலக்ட்ரீஷியன்கூடப் பத்து நிமிடத்தில் கோளாறைப் பிடித்துவிடுவார்.

கடைசியில் அந்த டைல்ஸை உடைக்கத்தான் வேண்டியிருந்தது. படம் போட்டு லைக் வாங்கினது நாங்கள். உடைத்த தூசியைத் தின்றது அவர்.