வாசலில் ஒரு டேப்

தமிழ் இயக்கிய 'டாணாக்காரன்' 2022-ல் வந்தபோது, போலீஸ் பயிற்சியின் கொடூரத்தைச் சொல்லும் படம் என்றே அதைப் பற்றிப் பேசினோம். சரிதான். இயக்குநரே காவல்துறையில் இருந்தவர். மைதானத்துப் புழுதி, கழிப்பறைக்குத் திண்டாட்டம், 'ஈ.டி.' என்கிற தண்டனைப் பயிற்சி எல்லாமே உள்ளே இருந்து பார்த்த ஆளின் விவரங்கள். ஆனால் இரண்டாவது முறை பார்த்தபோது எனக்கு வேறொன்று உறுத்தியது. அதிகாரத்தை அவ்வளவு கேள்வி கேட்கிற படம், உடம்பைப் பற்றிக் கேள்வியே கேட்கவில்லை.

படத்தின் ஆகச் சிறந்த யோசனை அந்த வயதான பயிற்சிக் காவலர்கள். எண்பதுகளில் தேர்வாகி, வேலைக்குக் கூப்பிடப்படாமல், தொண்ணூறுகளின் கடைசியில் பயிற்சிக்கு வருகிறவர்கள். நரையும் மூட்டுவலியுமாக, இருபது வயதுப் பையன்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். தேர்வான அன்று அவர்களுடைய உயரமும் மார்பளவும் சரியாகத்தான் இருந்திருக்கும். காகிதத்தில் அந்த அளவு அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டார். ஒருநாள் காலையில் எடுத்த அளவு ஒருவரின் வேலையைப் பற்றி என்ன சொல்லும்? திரைக்கதை இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே கீழே வைத்துவிடுகிறது. அவர்கள் நம் இரக்கத்துக்கு மட்டும் உரியவர்களாக மிஞ்சுகிறார்கள். ஜெயிப்பது விக்ரம் பிரபுவின் உடம்பு. ஈஸ்வரமூர்த்தி தருகிற தண்டனையை அறிவு தாங்கிவிடுகிறான், அதுவே அவன் பக்க நியாயத்துக்குச் சான்றாகிவிடுகிறது. அப்படியானால் தாங்க முடியாதவனுக்கு நியாயம் இல்லையா?

தமிழ் சினிமாவில் போலீசுக்கு ரெண்டே உடம்புதான். 'காக்க காக்க', 'சிங்கம்' வகையறாவின் ஜிம் உடம்பு ஒன்று. பின்னால் நின்று சிரிப்பு மூட்டுகிற தொப்பைக் கான்ஸ்டபிள் இன்னொன்று. முதலாமவர் மரியாதைக்கு, இரண்டாமவர் நக்கலுக்கு. 'டாணாக்காரன்' இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஓர் உடம்பைக் காட்டியது, ஆனால் கடைசியில் முதல் உடம்புக்கே சல்யூட் அடித்தது.

இது சினிமாவின் தவறு மட்டுமல்ல, விதிமுறையே அப்படித்தான் யோசிக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, தளர்வு பெறுகிறவர்களுக்கு 157. ஆண்களின் மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 கூட வேண்டும். இந்திய ஆண்களின் சராசரி உயரமே 165 செ.மீ. சுமார்தான். ஆக, பாதிப் பேருக்கு மேல் ஓடிக் காட்டுவதற்கு முன்பே வெளியே. தலைமுறைகளாகச் சோறு மறுக்கப்பட்டவர்களுக்குத் தளர்வு தருவது நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தளர்வு இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறது: 167-ஐ வைத்துக்கொண்டு நல்ல போலீசாக இருக்க முடியும் என்று அரசுக்கே தெரியும்.

சாஃப்ட்வேர் ஆளாக இந்தப் புத்தி எனக்குப் பழக்கமானது. ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் ரெஸ்யூம் வந்தால், 'அறுபது சதவீதத்துக்கு மேல்' என்று ஒரு ஃபில்டர் போடுவார்கள். அது திறமையை அளக்காது, வரிசையைச் சுருக்கும். போட்டவருக்கு வசதி. நாள்பட நாள்பட, அதுதான் தகுதி என்று எல்லோரும் நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

எங்க ஊர் ஆரணி. பட்டுத்தறியும் உடம்பு வேலைதான், யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதைத் தவிர. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, ஒரு சேலை முடியும்வரை நாள்கணக்கில் மிதிக்க வேண்டும். இடுப்பு போகும், முட்டி போகும், கண் போகும். ஆனால் எந்த நெசவாளியின் உயரத்தையும் எந்த முதலாளியும் அளந்ததில்லை. சேலையைத்தான் அளப்பார், எடை போடுவார், இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குட்டையோ குண்டோ, செய்த வேலை சரியாக இருந்தால் கூலி.

இதைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. தறிவீட்டு வாசலில் டேப் இல்லாததற்குக் காரணம், அந்த வாசலில் கூட்டமே இல்லை. சித்தாள் வேலைக்கும் சாக்கடை அள்ளுவதற்கும்கூட யாரும் மார்பளவு கேட்பதில்லை. மாதச் சம்பளம், யூனிஃபார்ம், ஊரில் ஒரு மரியாதை, இவை இருக்கிற வாசலில்தான் டேப் தொங்குகிறது. தறியை விட்டு வெளியேற நினைக்கிற பையன்கள் விடிகாலையில் கம்பியில் தொங்கி ஒரு செ.மீ. வளரப் பார்ப்பது அந்த மரியாதைக்காகத்தான்.

'அப்போ திருடனைத் துரத்த உடம்பு வேண்டாமா?' வேண்டும். அதற்குத்தான் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடும் தேர்வு இருக்கிறதே. அமெரிக்காவின் அலபாமாவில் டயான் ராலின்சன் என்ற பெண்ணுக்கு, எடை 120 பவுண்டுக்குக் குறைவு என்று சிறைக்காவலர் வேலை மறுக்கப்பட்டது. 1977-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கேட்டது எளிமையான விஷயம்: உங்களுக்குத் தேவை பலம் என்றால் பலத்தையே சோதிக்க வேண்டியதுதானே? கனடா இன்னும் ஒரு படி போனது. டானி மெயோரின் காட்டுத்தீயை அணைக்கும் வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தவர். புதிதாக வந்த விதிப்படி 2.5 கி.மீ.யை 11 நிமிடத்தில் ஓட முடியாததால் வேலை போயிற்று. அந்த ஓட்டம் இந்த வேலைக்கு அவசியம் என்று அரசு நிரூபிக்கவில்லை என்று சொல்லி, 1999-ல் உச்ச நீதிமன்றம் வேலையைத் திருப்பித் தந்தது. அதாவது, ஓட்டத் தேர்வும்கூடத் தன்னை நிரூபித்தாக வேண்டும்.

நம் ஊர் எதிர்த்திசையில் போனது. விமானப் பணிப்பெண்களின் எடைக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் வைத்த வரம்பை, 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. அவர்களை வேலையில் சேர்ந்த பிறகும் தராசில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். 170 செ.மீ. காட்டி உள்ளே வந்த கான்ஸ்டபிளின் தொப்பையோ ஒரு சினிமா ஜோக், அவ்வளவுதான். வேலைக்கு உடம்பு அவ்வளவு முக்கியம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே கவலை இருந்திருக்க வேண்டும். இல்லை. அளக்கப்படுவது தோற்றம். பெண் என்றால் கடைசிவரை, ஆண் என்றால் வாசலில் ஒருமுறை.

'டாணாக்காரன்' முக்கியமான படம் என்றே இப்போதும் நினைக்கிறேன். மைதானத்துக்குள் நடப்பதை அதைப்போலக் காட்டிய படம் தமிழில் இல்லை. அடுத்து வருகிறவர் கேமராவைக் கொஞ்சம் வெளியே, கேட்டுக்கு இந்தப் பக்கம் வைக்கலாம். அங்கே 168 செ.மீ. உயரத்தில் ஒரு பையன், குதிகால் தரையில் படும்படி நேராக நில் என்று அதட்டப்பட்டுக்கொண்டிருக்கிறான். அவன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.