'கந்தீசா': கிற்றாரும் கடன்பெற்ற பாடலும்

மேலைநாட்டு றொக் இசை கிற்றாரைத் தலைமைக் கருவியாகக் கொண்டது. அக்கருவி நம் இசை மரபுக்கு ஒவ்வுமா என்னும் வினா நெடுநாளாகவே எழுப்பப்படுகின்றது. வயலினும் ஒருகாலத்தில் அந்நியக் கருவியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதர், வடிவேலு முதலியோர் கையில் அது கருநாடக இசைக்கு உரியதாயிற்று. ஆதலின், கருவி பிறந்த நாட்டை ஆராய்வதினும், அதனாற் செய்யப்பட்டது யாது என ஆராய்வதே தகுதியாம். இதற்கேற்ற சான்று, 'இந்தியன் ஓஷன்' என்னும் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கந்தீசா' என்னும் இசைத்தொகுப்பாகும்.

இக்குழு 1990இல் டில்லியில் தோன்றியது. இத்தொகுப்பில் சுஷ்மித் சென் கிற்றாரும், ராகுல் ராம் பேஸ் கிற்றாரும், அமித் கிலாம் டிரம்ஸ் கருவியும், அசீம் சக்கரவர்த்தி தபேலாவும் இசைத்தனர். இதற்கு முந்திய 'டெசர்ட் ரெயின்' மேடைக் கச்சேரியொன்றின் ஒலிப்பதிவாக, இதுவோ ஒலிப்பதிவுக் கூடத்தில் அமைதியாகச் செதுக்கப்பட்டது. அதன் பயன் கேட்போர்க்கு நன்கு புலனாகும். சென் அவர்களின் கிற்றார் முழங்கி மிரட்டுவதில்லை. சுரங்களை ஒவ்வொன்றாகத் தொடுத்துச் சிதாரை நினைவூட்டுகின்றது. தபேலாவும் டிரம்ஸும் ஒன்றையொன்று விழுங்காது உடன் நடக்கின்றன.

திரைப்பாடலே சந்தையை ஆண்ட நாட்டில், திரைப்படத்தின் துணையின்றி வந்த இத்தொகுப்பு குழுவினர்க்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. ஆங்கிலப் பாடல்களைப் படியெடுத்துப் பாடிய குழுக்களைக் கேட்டுப் பழகிய இளைஞர், தம் மண்ணின் பாடலை அதே கருவிகளிற் கேட்டு மகிழ்ந்தனர். எனினும், அவர்கள் வரவேற்றது ஒலியையா, பாடலையா என்பதே ஈண்டு நாம் எழுப்பவேண்டிய வினா.

தொகுப்பின் பெயர்ப்பாடல், கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர் வழிபாட்டிற் பாடும் தொன்மையான துதி. இறைவனைத் தூயவன் எனப் போற்றி இரக்கம் வேண்டுவது அதன் பொருள். சுரியானி மொழி அறியாத பல்லாயிரவர் அதனை உடன்பாடி உருகினர். இஃது இசையின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொருளும் பாடியோர் வரலாறும் அறியப்படாவிடின், வழிபாடு வெறும் நாதமாய்த் தேய்ந்துவிடும் என்பதையும் மறுத்தற்கில்லை.

இதனோடு 'மா ரேவா'வை ஒப்பு நோக்குக. அது நருமதை ஆற்றைத் தாயென அழைக்கும் நாட்டுப்பாடல். ராகுல் ராம் அவர்கள் நருமதைப் பாதுகாப்பு இயக்கத்திற் பங்குகொண்டு, அணையால் நிலமிழக்கும் மக்களிடையே பணியாற்றியவர். 'ஹில்லே லே'யோ, உழைக்கும் மக்களின் எழுச்சியைப் போசபுரி மொழியிற் பாடிய கவிஞர் கோரக் பாண்டேயின் படைப்பு. இவ்விரண்டிலும் பாடலுக்கு உரியோர் யாவர் என்பது தெளிவு. கிற்றார் அவர்களுக்குத் துணைநிற்கின்றது. தொகுப்பின் உயர்வு இப்பாடல்களிலேயே நிலைபெறுகின்றது என்பது எம் துணிபு.

இவ்வாராய்ச்சி மாத்தளையில் வாழும் நமக்கு அயலானதன்று. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் இவ்வூர் வந்துசேர்ந்து, காப்பித் தோட்டங்களில் உழைத்தோர், வழியில் மாண்டோரின் நினைவையும் தம் பாடல்களையும் உடன்கொணர்ந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் காமன்கூத்துப் பாட்டும் மலையகத்தில் வழிவழி வந்தவை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டி ஏட்டில் ஏற்றினர். நாளை நம் மாணவர் எவரேனும் அவற்றைக் கிற்றாரோடு இசைப்பாராயின், அதனைப் பழிக்க வேண்டா, வரவேற்போம். ஆனால், அப்பாடல் எந்தத் தோட்டத்தில், யார் வாயில், எத்துயரிற் பிறந்தது என்பதையும் உடன் உரைக்குமாறு கேட்போம். கருவியைக் கடன்பெறுதல் எளிது. பாடலைக் கடன்பெறுவோர்க்கோ அதற்கு உரியோரை மறவாத கடப்பாடு உண்டு.