பெயரற்ற படமும் பெயர் சூட்டும் மரபும்

செய்யுள் ஒன்றுக்கு ஆசிரியர் பெயர் தெரியாதவிடத்து நம் முன்னோர் இருவகை வழிகளைக் கைக்கொண்டனர். புகழ்வாய்ந்த ஒருவர்மீது அதனை ஏற்றிவிடுதல் ஒன்று. வாய்மொழியில் வழங்கிய தனிப்பாடல்கள் பல ஔவையார் பெயரிலும், கம்பர் பெயரிலும், காளமேகம் பெயரிலும் குவிந்தது இவ்வாறேயாம். பாடலினுள் கிடைக்கும் ஓர் அரிய தொடரையே புலவர்க்குப் பெயராக்குதல் மற்றொன்று. குறுந்தொகையிற் காணும் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்டகுதிரையார் ஆகிய பெயர்கள் இவ்வகையின. முதல் வழி அறியாமைக்குப் பட்டாடை போர்த்துகிறது. இரண்டாம் வழி, ‘இவர் பெயர் அறியோம், இவர் சொல்லை அறிவோம்’ என்று ஒப்புக்கொண்டு நிற்கிறது. வீட்டுப் பெட்டிகளிலும் பிஸ்கட் டின்களிலும் கிடக்கும் பழம் புகைப்படங்களைக் கையாளுகையில் நாம் பெரிதும் முதல் வழியிலேயே செல்கிறோம் என்பது என் கருத்து. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்க முயல்கிறேன்.

கெடா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தோட்டக் குடும்பத்தில் இருந்து வரும் படம் அது. அஞ்சலட்டை அளவினது. பின்னே தொங்கும் திரைச்சீலையில் பளிங்குத் தூண்களும் படிக்கட்டும் தீட்டப்பட்டுள்ளன. முன்னே, இருபத்தைந்து முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி நிற்கிறாள். அவளருகே ஆறு வயதளவிலான சிறுவன் ஒருவன். அவள் வலக்கை அவன் தோள்மீது இருக்கிறது. பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. பின்புறத்தில் பென்சிலால், ‘பெரியம்மா. பினாங்கில் எடுத்தது’ என எழுதப்பட்டுள்ளது. ஆண்டும் இல்லை, பெயரும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோவிலின் குடமுழுக்கு மலரில் இப்படம் அச்சேறியது. ‘கப்பலேறி வந்து பினாங்கில் கால் பதித்த முதல் தலைமுறைத் தாய்’ என்பது அம்மலர் தந்த அடிக்குறிப்பு. வீட்டாரும் அகமகிழ்ந்து அம்மலரைப் பலருக்கும் வழங்கினர்.

இவ்வடிக்குறிப்பை ஒரு பாடமாகக் கொண்டு, பதிப்பாசிரியர் ஏட்டுப் பாடத்தைச் சோதிப்பதுபோற் சோதிப்போம். முதலில் ஏட்டையே நோக்குதல் வேண்டும். அட்டையின் பின்புறம் நடுக்கோட்டால் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முகவரியும் செய்தியும் ஒரே பக்கத்தில் எழுத இடந்தரும் இத்தகைய அட்டைகளைப் பிரிட்டன் 1902இல்தான் முதன்முதல் ஏற்றது. ஆகவே படம் அதற்கு முற்பட்டதன்று. இதனைக் கேட்டவுடன், ‘அப்படியாயின் நூற்றிருபது ஆண்டுப் பழமை’ என்று முழங்குவோர் உளர். 1902 என்பது கீழெல்லை மட்டுமே. அவ்வகை அட்டைகள் பல பத்தாண்டுகள் புழக்கத்திலிருந்தன.

சிறுவன் அணிந்துள்ள கோட்டின் மேற்பை அவனது இடப்புறத்தில் உள்ளது. எனவே படத்தகடு தலைகீழாகத் திருப்பி அச்சிடப்படவில்லை என்று கொள்ளலாம். ஆயின் அக்கோட்டைக் கொண்டு அக்குடும்பத்தின் செல்வநிலையை அளத்தல் ஆகாது. கோட்டும், செருப்பும், நாற்காலியும், சில வேளை கைக்கடிகாரமும் படப்பிடிப்பு நிலையத்தார் வைத்திருந்து இரவல் தருவன. போருக்கு முன் மலாயா நகரங்களில் சீனரும் ஜப்பானியரும் நடத்திய இத்தகைய நிலையங்கள் பலவாக இருந்தன. பளிங்குத் தூண்களின்முன் நின்றவர் பலர், மறுநாட் காலை பெரட்டுக்கு ஓடியவர்களே.

‘கால் பதித்த’ கதையும் நில்லாது. பினாங்கில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர், ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டு, பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்த அலைக்கழிப்பிடையே சிறுவனுக்குக் கோட்டணிவித்துப் படமெடுத்துக்கொள்ள யாருக்கு வாய்த்திருக்கும்? படத்திற் காண்பவர், நாட்டில் நிலைகொண்டபின் ஏதோ ஒரு காரணம்பற்றிப் பட்டணம் சென்று, காசு கொடுத்து நின்றவர் ஆவர்.

இனி எழுத்துக்கு வருவோம். ‘பினாங்கில்’ என்னுஞ் சொல்லில் உள்ள ‘னா’ துணைக்கால் இன்றிப் பழைய சுழி வடிவில் உள்ளது. தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பயிற்சியுடைய கை அது. அதே சுழியும், அதே சாய்வும், குடும்பத்தின் மறைந்த பாட்டனார் எழுதி வைத்த கோவிற் கணக்கேட்டில் பக்கந்தோறும் காணக்கிடைக்கின்றன. பாட்டனார் தம் பிறப்புப் பத்திரத்தின்படி 1931இற் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியிற் பயின்றவர். எழுதியவர் அவரே எனத் துணியலாம். இதனை முதலில் நிறுவாமல் ‘பெரியம்மா’ என்பதன் பொருளைத் தேடியது வீட்டார் செய்த தவறு. மலர்க்குழுவினரோ அச்சொல்லைப் பொருட்படுத்தவே இல்லை.

உறவுப்பெயர் இயற்பெயர் போன்றதன்று. ‘நான்’, ‘இங்கே’, ‘நேற்று’ என்பன போலச் சொல்பவரைப் பொறுத்தே அது பொருள் தரும். எழுதியவர் பாட்டனாராயின், அவர்க்குப் பெரியம்மா ஆகத்தக்கவர் யாவர்? தாயின் தமக்கை ஒருவர். தந்தையின் தமையன் மனைவி ஒருவர். தந்தையின் மூத்த தாரமும் பெரியம்மாவே. வீட்டார் நெடுங்காலமாகத் தாயின் தமக்கை என்றே சொல்லி வந்தனர். அவ்வம்மையார் நாமக்கல் பக்கத்துச் சிற்றூரிலேயே வாழ்ந்து, கப்பலையே காணாமல் மறைந்தார் என்று கூறுவோரும் அவர்களே. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்பவர்க்கு அவற்றிடையேயுள்ள முரண் தோன்றாதிருப்பது வியப்பு. பாட்டனாரின் தந்தையோ ஒரே மகன். ஆகவே தமையன் மனைவி என்பதற்கும் இடமில்லை. எஞ்சுவது மூன்றாவது பொருள்.

இங்கே அவசரம் கூடாது. லயத்து வீடுகளில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் முறை வைத்து அழைத்துக்கொண்டனர். பங்காளி வழியிலோ, அடுத்த வீட்டிலோ ஒரு பெரியம்மா இருந்திருக்கக்கூடும். ஆயினும் அத்தகைய ஒருவரோடு சிறுவனைத் தனியே நிறுத்திப் படமெடுத்து, அப்படத்தை வாழ்நாள் முழுதும் காத்து வைத்தற்கு வலுவான காரணம் வேண்டும். மூத்த தாரம் என்னும் கருத்தே சான்றுகளோடு மிகவும் ஒத்துச் செல்கிறது. ஒத்துச் செல்கிறது என்றுதான் கூறுகிறேன். மெய்ப்பிக்கப்பட்டது என்று கூறவில்லை.

சிறுவன் யார்? குறிப்பில் அவனைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இம்மௌனமும் ஒரு சான்றாகும் என்பேன். படத்தின் பின்புறம் பிறர் பெயரை எழுதுவோர் தம் பெயரை எழுதுவது அரிது. தம்மை அவர்கள் மறக்கப் போவதில்லையன்றோ? சிறுவன் பாட்டனாரே எனின், படம் ஏறத்தாழ 1937இல் எடுக்கப்பட்டதாகும். அவ்வாறாயின் ஒரு பெரிய செய்தி வெளிப்படுகிறது. மூத்தவர் 1937இல் உயிரோடிருந்தார். இளையவர் பெற்ற மகனைத் தோளிற் கைவைத்து அணைத்து நின்றார். அம்மகனும் அதனை மறவாது எழுதிவைத்தார். அவன் மூத்தவரின் சொந்த மகன் எனின், யாராலும் நினைக்கப்படாத இன்னோர் உயிரும் அக்குடும்பத்தில் இருந்தது என்றாகும். இரண்டனுள் முதலாவதையே நான் விரும்புகிறேன் என்பதால், அதனையே மேலும் ஐயுற வேண்டியவனாகிறேன்.

இவ்வாராய்ச்சியை வீட்டுப் பெரியவர்கள் விரும்பவில்லை. ‘எங்கள் தாத்தாவுக்கு ஒரே சம்சாரந்தான்’ என்பது அவர்கள் வாக்கு. மலேசியாவில் ஒருதார மணத்தை முஸ்லிமல்லாதார்க்குக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்து வழக்கப்படி இருதாரம் கொள்ளுதல் சட்டத்துக்குப் புறம்பானதன்று. பிற்காலத்தார் நாணத்தை முற்காலத்தார் தலையில் ஏற்றி, அதன் பொருட்டு ஒரு பெண்ணை வீட்டினின்றும் நீக்கியிருக்கிறோம். பிற மூதாதையர் படங்களெல்லாம் கண்ணாடியிட்டு, குங்குமப் பொட்டும் மாலையும் பெற்றுச் சுவரில் விளங்க, இவர் மட்டும் பழைய இரசீதுகளோடு டின்னில் அடைபட்டுக் கிடந்தார். கண்ணாடியில் வைக்கும் பொட்டு, காலப்போக்கில் பரவி முகத்தையே மறைத்துவிடுவதுண்டு. அந்த இடையூறு இவர்க்கு நேரவில்லை என்பதொன்றே ஆறுதல்.

முகச்சாயலை வைத்து ஆளைத் துணிவோர் மிகப்பலர். ‘மூக்கைப் பார், சின்ன அத்தை மூக்கேதான்’ என்பர். சான்றுகளுள் மிக நொய்யது இது. வேண்டிய சாயல் வேண்டியவர் கண்ணுக்குத் தோன்றவே செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசுக் காவல் துறையில் ஆளறி முறை வகுத்த பெர்த்தியோன், மூக்கினும் காதின் வடிவையே பெரிதும் நம்பினார். நம் படத்துப் பெண்ணின் காதையோ முந்தானை மறைத்துள்ளது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1980இல் வெளிவந்த தம் நூலில், 1898இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றிப் பேசுகிறார். ஐந்து வயதுச் சிறுமியாக நின்ற தம் தாயை அவர் அதில் கண்டுகொண்டார். ஆனால் அப்படத்தை நூலில் வெளியிடவில்லை. தாயோடு வாழ்ந்தவர்க்கு வாய்த்த கண்டுகொள்ளல் அது. நாமோ நம் படத்துப் பெண்ணை ஒருகாலும் பார்த்ததில்லை. பார்த்திராதவரைப் பார்த்தவர்போல் அறிந்துகொள்ள முடியாது. சான்றுகளை அடுக்கி அணுகவே முடியும்.

இக்காலத்துப் புதிய இடர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மங்கிய படங்களைக் கணினியிலிட்டுக் கூர்மைப்படுத்தி வண்ணமூட்டுகின்றனர். குடும்பத்து இளைஞர் ஒருவர் அவ்வாறு செய்த படியில், பெண்ணின் சேலை சிவப்பாகி, மூலத்தில் இல்லாத மூக்குத்தியொன்று ஒளிவிடுகிறது. ஏட்டிற் சிதைந்த அடியைத் தாமே இயற்றி நிரப்பிய பழைய எழுத்தரின் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? இடைச்செருகல் என்று அதனைக் கடிந்த நாம், இதனை ‘உயிரூட்டல்’ என்று போற்றுகிறோம். மூலத்தை அழிக்காமல் வைத்திருப்பாராயின் தீங்கு சிறிது. புதிய படியைச் சட்டமிட்டு மூலத்தை எறிந்துவிட்டால் மீட்சியில்லை.

நம் மலர்களும் நம் சிறுகதைகளும் இப்பிழையையே பெருக்குகின்றன என்பதே என் குறை. குடியேற்றக் காலத்து அஞ்சலட்டைகளில் ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலி’ என்ற வகைப்பெயரோடு ஆட்களை அச்சிட்டு விற்றனர். அவர்கள் பெயரைக் கேட்க வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர்க்குத் தேவை இருக்கவில்லை. ‘முதல் தலைமுறைத் தாய்’ என்பது மதிப்பு மிக்க சொல்தான். எனினும் அதுவும் வகைப்பெயரே. ஒரு பெண்ணின் இடத்தில் ஒரு சின்னத்தை நிறுத்துகிறது. கதையாசிரியரும் பழம்படத்தைக் கண்டவுடன் தியாகத்தையும் கண்ணீரையும் அதில் ஏற்றுகிறார். படத்திலிருக்கும் முக்காலியையும் கையையும் அவர் பார்ப்பதில்லை. ஒரே கணவனின் இரண்டாம் மனைவி பெற்ற பிள்ளையின் தோளில் ஒரு பெண் கைவைத்து நிற்பது எத்தகைய வாழ்வின் விளைவு என்று கேட்டிருந்தால், நமக்கு ஒரு நல்ல கதையேனும் கிடைத்திருக்கும்.

பாட்டனாரின் பேத்தி ஓர் ஆசிரியை. அவர் தயாரித்துவரும் குடும்பப் படத்தொகுப்பில் இப்படத்தின் கீழ் இப்போதுள்ள குறிப்பு வருமாறு: ‘தோளிற் கைவைத்தார். பாட்டனார் இவரைப் பெரியம்மா என்று எழுதியுள்ளார். பினாங்கு, 1937 அளவில் இருக்கலாம். பாட்டனார் தந்தையின் மூத்த மனைவியாகலாம். சிறுவன் பாட்டனாராகலாம்.’ ஒரு பத்தியில் மூன்று ‘லாம்’ வருவது நடைக்கு அழகன்று என்று அவரிடம் யாரோ கூறினராம். நான் ஒன்றையும் நீக்கமாட்டேன். பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளையும், 1948இல் அடையாள அட்டை முறை வந்தபோது எடுத்த படம் ஏதேனும் உறவினர் வீடுகளில் உள்ளதா என்பதையும் அவர் தேடி வருகிறார்.

சென்ற ஆண்டு முன்னோர்க்குப் படையலிட்டபோது, அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு புடவை கூடுதலாக வைக்கப்பட்டது. பாட்டனாரின் மூத்த மகளாகிய அத்தையார் அதற்கு முதலில் மறுத்து, பின் இணங்கித் தாமே புடவையை எடுத்து வைத்தார். யாருடைய பெயரைச் சொல்லி வைப்பது என்று கேட்டபோது அவர் விடை கூறவில்லை.