ஆங்கிலப் பன்மையும் 'கள்' விகுதியும்

முத்துக்குளித்துறைப் பகுதியின் புன்னைக்காயலில் பணியாற்றிய போர்த்துக்கேயப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ், 16ஆம் நூற்றாண்டில் தாம் எழுதிய தமிழ் இலக்கணத்தில் தமிழ்ப் பெயர்ச்சொற்களை இலத்தீன் அச்சில் வார்த்தார். இன்றைய ஆங்கில வகுப்புகளில் நடப்பது இதன் மறுதலை: ஆங்கிலப் பன்மையைத் தமிழ் அச்சில் வார்க்கின்றனர். "எஸ் என்றால் கள்" என்னும் பாடம் எளிது, ஆனால் பிழையானது.

அஃறிணையில் 'கள்' கட்டாயமன்று. தூத்துக்குடிப் பேச்சில் "பத்து முத்து" என்றே எண்ணுவர். அந்தப் பழக்கத்தில் மாணவர் 'டென் பேர்ல்' என்று எழுதினால் அது கவனக்குறைவன்று, தாய்மொழி இலக்கணம். ஆங்கிலத்திலோ எண் முன்னே நின்றாலும் 'பேர்ல்ஸ்' வேண்டும். நம் கட்டுமரமும் அங்கே போய்க் 'கட்டமரான்ஸ்' ஆயிற்று!

'ஃபிஷ்' வேறு வகை. மீன் வந்தது, மீன் வந்தன என்பவற்றில் வினைதான் எண்ணைக் காட்டுகிறது. இத்தகைய பெயரை நன்னூல் வழியினர் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ஃபிஷ்சும் அப்படியே: 'இஸ்' வந்தால் ஒன்று, 'ஆர்' வந்தால் பல. 'ஃபிஷஸ்' பெரும்பாலும் பல இன மீன்களைக் குறிக்கவே வரும். தமிழிலக்கணம் படித்த மாணவருக்கு ஒரு வரியில் விளங்கக்கூடிய இதனை, விதிவிலக்குப் பட்டியலில் தள்ளி மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் சுமை.

உப்பளத்தில் மலையாய்க் குவிந்தாலும் உப்பு 'சால்ட்' தான். 'சால்ட்ஸ்' வேதியியல் வகுப்புக்குரியது.